செருப்புக் காவல்

லக்னோவில் காலையிலிருந்து வெயிலையும் வரிசையையும்தான் பார்த்தோம். இமாம்பாடா என்கிற பழைய நவாபு காலத்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது என் இடது கால் வீங்கிவிட்டது. வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவனின் முழி எனக்குப் பிடிக்கவில்லை.

“இவன் திருட்டுப் பய. நீங்க போங்க, செருப்பை நான் பாத்துக்கிறேன்.”

“சுத்திப் பாக்க வந்த இடத்துலயும் சந்தேகமா, அப்பா?” என்று மகன் நதீம் எரிந்து விழுந்தான். அவனும் மருமகளும் பேத்தி மெஹ்ரூவும் உள்ளே போனார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு ஜோடிக்குக் காவல் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நாலு பேராகத் திரும்பினார்கள். மெஹ்ரூவின் கையைப் பிடித்து வந்த கிழவனுக்கு என் முகம், என் சட்டை. இடது காலை இழுத்து நடந்தான்.

“டேய் நதீம், யாருடா இவன்?” என்று கத்தினேன்.

நதீம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “மரியாதையாப் பேசுங்க, சாச்சா. செருப்புப் பாத்துக்கிறதுதானே உங்க வேலை?”

கிழவன் என் செருப்பை மாட்டிக்கொண்டான். “இவன் முழி சரியில்லைன்னு அப்பவே சொன்னேன்ல” என்றபடி அவர்களோடு போய்விட்டான்.

வாசலில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் காணவில்லை. வேறொரு குடும்பம் என் முன்னால் செருப்புகளைக் கழற்றிப் போட்டது. அவர்களோடு வந்த கிழவன் மட்டும் கழற்றாமல் என்னையே முறைத்துக்கொண்டு நின்றான்.