ஏட்டு ராசையாவின் தடி

“நைனா, வண்டி மாட்டுக்குத் தண்ணி காட்றாங்க. நீ தண்ணி குடிச்சா மட்டும் இன்னாத்துக்குக் கூலி புடிக்கிறாங்க?”

மகள் ஒருநாள் கேட்ட அந்தக் கேள்விதான் கன்னியப்பனை ராயபுரத்துக் கிடங்கு வாசலில், வேலைநிறுத்தத்தின் முன்வரிசையில் நிறுத்தியிருந்தது.

“வீட்டுக்குப் போயிருலே,” என்றார் ஏட்டு ராசையா.

“எம் பொண்ணுக்குப் பதில் சொல்லாம போவ மாட்டேன்.”

தடி இறங்கியது. முழங்கால் எலும்பு முறிந்தது.

“வெயில்ல நீ சுருண்டு வுயுந்தப்போ தண்ணி குடுத்தேனேய்யா! அதுக்கே அரைநாள் கூலி பூட்ச்சே!”

ராசையா அவனை ரத்தம் சொட்டச் சொட்ட இழுத்துப்போய், சுவருக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தில் போட்டுவிட்டு ஓடினார். கன்னியப்பன் காறித் துப்பினான்.

மறுகணம் வாசலில் துப்பாக்கிகள் வெடித்தன. முன்வரிசையிலிருந்து அலறல் எழுந்தது.

சுடப்போவது முன்பே ஏட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கன்னியப்பன் திரும்பினான். தலைமாட்டில், மூடி திறந்தபடி, அவருடைய தண்ணீர்க் குடுவை இருந்தது.