சுரங்கப்பாதைப் பொட்டி

தண்டவாளத்துக்கு அடியில போற சுரங்கப்பாதையில ஒரு சென்சார் பொட்டி இருந்துச்சு. தண்ணி ஏறுனா ஆபீசுக்குச் சொல்றதுதான் அதுக்கு வேலை. பழுதில்லாம இருக்கிறவரைக்கும் அதுல ஒரு பச்சை லைட்டு எரியும்.

போன மழையில அது மட்டும் "ஏறுது, ஏறுது"ன்னு கத்துச்சு. ஆள் வர்றதுக்குள்ள தண்ணி வடிஞ்சிருச்சு. அந்தாளு "பழுது"ன்னு சொல்லி, தலையில ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனான். பாலம், ஓடைன்னு மத்த எடத்துல இருந்த பொட்டிங்க அதுக்கு 'வெள்ளம்'னு பேரு வச்சுதுங்க.

இந்த மழையில, கீழ குட்டிங்களோட படுத்திருந்த செவலை நாய் கேட்டுச்சு. "அண்ணே, தண்ணி வருதா? குட்டிங்க இன்னும் கண்ணு தொறக்கல. சொன்னீங்கன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்."

தண்ணி வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பொட்டி, பாலத்துப் பொட்டியைக் கூப்பிட்டுச்சு. "மாப்ள, அங்க எப்படி?"

"நார்மல்டா. என்ன வெள்ளம், இன்னிக்கு எதுவும் முங்கலையா?"

"சேச்சே, இங்கயும் நார்மல்தான்." நாய்கிட்ட, "நீ படும்மா"ன்னுச்சு.

வயித்துல ஈரம் பட்டப்புறம்தான் நாய் எந்திரிச்சுச்சு. ஒண்ணொண்ணா ரெண்டு குட்டியத் தூக்கிட்டுப் போய் மேட்டுல போட்டுச்சு. மூணாவதுக்குத் திரும்பி வந்தப்ப அங்க வெறும் தண்ணிதான்.

பாலத்துப் பொட்டி மெதுவா சொல்லுச்சு. "மாப்ள, எனக்கு அப்பவே கழுத்து வரைக்கும் தண்ணிடா. நீ மொதல்ல சொல்லுவேன்னு பாத்தேன்."

தண்ணி வடிஞ்சதும் நாய் வந்து அண்ணாந்து பாத்துச்சு. பொட்டி திட்டு வாங்கத் தயாரா இருந்துச்சு.

"பாவம்ணே, நீங்க பழுதாயிட்டீங்களா?"

நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த பச்சை லைட்ட அணைச்சுட்டு, "ஆமாம்மா, பழுது"ன்னுச்சு பொட்டி.