மலைக்குப் பின்னால்

அணுபுரத்தில் அத்வைத் வீட்டுக்கு வீடியோ கேம் வந்த நாளிலிருந்து அவன் வகுப்புத் தோழன் பத்ரிக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அங்கேதான் கிடப்பான்.

அத்வைத் விளையாடுவதைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. எதிரி கத்தியோடு வந்தால் ஒதுங்கி ஓடி மலையேறுவான்; பாழடைந்த வீடுகளின் கதவுகளைத் திறந்து பார்ப்பான்.

"இன்னாடா இது? கேமே சண்டைக்குத்தான். நாலு பேரை வெட்டினாத்தான் கிக்கு!"

"சண்டை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்டா. அந்த மலைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்."

விளையாடத் தெரியாதவனுக்கு இவ்வளவு வசதியா! அத்வைத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், மெமரி கார்டில் அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை பத்ரி அழித்துவிட்டான். மாதக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்த காடு, குகை, ஊர் எல்லாம் போயிற்று.

"கார்டு பூட்ச்சு போல" என்றான் அத்வைத் திரும்பி வந்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அத்வைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கென்னடா, நெனச்சா சைக்கிளை எடுத்துட்டு சதுரங்கப்பட்டினம் கோட்டை, கடல்னு கிளம்பிடுவே. எனக்கு வீசிங். தூசி, கடல் காத்து எதுவும் ஆகாதுன்னு அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாங்க. ஸ்கூலை விட்டா வீடு. வெளியே போகாம இருக்கத்தான் இதை வாங்கியே குடுத்தாங்க. நான் சுத்திப் பாத்த ஊரெல்லாம் இதுக்குள்ளதான்டா இருந்தது. உன்னைப் பாத்தா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும், தெரியுமா?"