மூன்றாவது விசில்

இடிந்து கிடந்த விசைத்தறிக் கூடத்தின்மேல் நின்று தீயணைப்பு அதிகாரி, எல்லாச் சத்தமும் அடங்க, மூன்றாம் முறையாக விசில் ஊதினார். பொக்லைன் நின்றது. கூட்டம் மூச்சை அடக்கியது. இடுக்கில் இறக்கியிருந்த மைக்கில் ஒரு முனகல்கூட இல்லை.

"உள்ள யாரும் உயிரோட இல்லம்மா."

கணவனோடு இதே கூடத்தில் இருபது வருஷம் தறி ஓட்டிய துளசிமணி, மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயை விடவில்லை. "எங்க வூட்டுக்காரரு இருக்காருங்க. வண்டி ஓடுறப்ப தட்டுனாரு. நீங்க நிறுத்துனதும் நின்னுபோச்சு."

"வண்டி அதிர்வா இருக்கும்மா."

"இல்லீங்க. தறி ஓடுறப்ப பேசுனா காதுல விழாது, இரும்புல தட்டித்தான் கூப்புடுவோம். தறி நின்னுட்டா வாயாலயே பேசிக்குவோம். இப்ப அவரு பேசிட்டிருப்பாருங்க. நமக்குத்தான் கேக்கல."

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு, மண்ணைத் தொடாமல் எஞ்சினை மட்டும் ஓடவிடச் சொன்னார். இரைச்சல் எழுந்தது. துளசிமணி கன்னத்தைக் குழாயில் அழுத்தினாள். வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டது, அவள் எடுக்கவில்லை. சட்டென்று, தட்டலை எண்ணுவதுபோல், ஒரு விரலைத் தூக்கினாள். பிறகு இன்னொன்று.

அதிகாரியின் கை, பழக்கத்தில், விசிலை வாய்க்குக் கொண்டுபோனது. துளசிமணி பாய்ந்து அதைப் பிடுங்கி எறிந்தாள்.