விரலில் சுற்றிய நாடா

அறைக்குள் நான்கு பேர் இருக்கிறோம்: மனநல மருத்துவர், என் மனைவி, நான், புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன என் மகள். திரை வழியே வரும் வெயில் அவள் கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையில் மினுங்குகிறது. விடுப்பு நாளிலும் அதைக் கழற்றுவதில்லை. அட்டையின் நாடாவை இறுக்கிச் சுற்றியதில் விரல் நுனி வெளுத்திருக்கிறது. "தூக்கம் வருதாம்மா?" என்கிறார் மருத்துவர். "சாரி மேடம்." "சாப்பிட்டியா?" "சாரி மேடம்." எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நான் முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி வந்ததில்லைங்க." "அப்ப மாடி ரூம்ல பூட்டி வச்சிருந்தீங்களே உங்க சித்தப்பாவ, அவருக்கு என்ன, ஜலதோஷமா?" என்கிறாள் மனைவி. நான் இருமுகிறேன். மகளின் பைக்குள் கைப்பேசி அதிர, அவள் தோள் துள்ளி விழுகிறது. முதன்முறையாக என்னைப் பார்க்கிறாள். "ஆபீஸ் பஸ் வர்றப்ப, ஏறாம அதுக்கு முன்னாடி போய் நின்னுடலாம்னு தோணுதுப்பா." அவள் விரலிலிருந்து நாடாவை நானே அவிழ்க்கிறேன். "மருந்து எழுதுங்கம்மா," என்கிறேன்.

சொந்தக்காரர்கள் காதல் தோல்வி என்று பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். என் மகள் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள்.