வீட்டுக்குத் தூரம்

“வீட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்காங்களாக்கா?”

ஊசி போடும் முன் நர்ஸ் கேட்டாள்.

“ஒரு பொண்ணுங்க. அஞ்சு வயசு. கூடத்தான் வந்திருக்குது.”

நர்ஸின் கை நின்றது. “இங்கயா?”

“லாட்ஜுல. அவங்கப்பா கூட. விட்டுட்டு வரலாம்னா பஸ் கம்பிய விடலைங்க.”

நர்ஸ் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்.

“ஸ்கேனுக்குப் போடற இந்த மருந்துல கதிர்வீச்சு இருக்குதுக்கா. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் பாப்பாகிட்ட இருந்து தூரமா இருக்கோணும். மடியில வெச்சுக்காதீங்க. கட்டிப் பிடிக்காதீங்க. தண்ணி நிறையக் குடிங்க, யூரின்ல போயிரும்.”

தூரம்.

அவளுக்குப் பழகிய சொல். மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டுக்குத் தூரம். மாமியார் பின்வாசல் தாழ்வாரத்தைக் காட்டிவிடுவாள். அந்த மூன்று நாளும் அம்மாவைத் தொடக் கூடாது என்று தாரணிக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

“புள்ளைக்கு எதுக்குங்கத்தே இதெல்லாம்?” என்று இவள் ஒருமுறை கேட்டாள்.

“தெரிஞ்சு வெச்சுக்கட்டும்” என்றாள் அத்தை.

இவள் அன்று சாப்பிடவில்லை.

ஊசி ஏறியது. ஒன்றும் வலிக்கவில்லை.

ஒரு சிறிய அறை. சாய்வு நாற்காலி. குளிர். நர்ஸ் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

“ஒரு மணி நேரம் அசையாம இருங்க. பேசக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. இது சர்க்கரை மாதிரி ஒரு மருந்து. உடம்புல எங்க வேலை நடக்குதோ அங்க ஓடும். பேசுனீங்கன்னா தொண்டைக்கு ஓடிரும். படத்துல தொண்டை பளிச்சுனு தெரியும். டாக்டர் பயந்துக்குவாரு.”

“நெனைக்கலாங்களா?”

“அதுக்குத் தடையில்ல. மூளை எப்படியும் பளிச்சுனுதான் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு எடுத்தா மட்டும் இருட்டா இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்கவும் கூடாதுக்கா.”

கதவு மூடியது.

முந்தைய இரவிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கழுத்தில் இருந்த கட்டி அவளைவிடப் பசியோடு இருந்திருக்க வேண்டும்.

தாரணி சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்தாள். அவருக்குத் தலை பின்னத் தெரியாது. ரப்பர் பேண்டை இழுத்து முடியைப் பிடுங்கியிருப்பார்.

அப்புறம் நினைப்பதை நிறுத்தினாள். அந்த இடமும் பளிச்சென்று தெரிந்துவிடுமோ என்று இருந்தது.

இயந்திரம் அவளை உள்ளே வாங்கியது. வெளியே விட்டது. மீண்டும் வாங்கியது.

படத்தைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர், அவள் இருந்த அறையின் வாசலிலேயே நின்று பேசினார். இளம் வயது. அவளை ‘அம்மா’ என்றார்.

“கழுத்தோட நிக்கலைம்மா. நெஞ்சுல தெரியுது. வயித்துல தெரியுது. எலும்புலயும் ரெண்டு எடத்துல. நாளைக்கே வந்து அட்மிட் ஆயிருங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“முதல்ல வாங்க.”

வெளியே வெயிலில் கண் கூசியது.

எதிரே ஒரு பெண் மருந்துச் சீட்டுடன் வந்தாள். நிறைமாதம். இவள் சாலையைக் கடந்து மறுபக்கம் போனாள். நாய் துரத்தியது போல ஓடியதாகப் பிறகு அவளுக்கே தோன்றியது.

லாட்ஜ் அறைக் கதவைச் சென்னியப்பன் திறந்தான். அவள் கணவனைப் பார்க்காமல் நேராக ஜன்னல் மூலைக்குப் போய் நின்றாள்.

தாரணி கட்டிலிலிருந்து குதித்தாள். முடி கோணலாக நின்றது.

“அம்மா!”

“கிட்ட வராதே!”

பிள்ளை அப்படியே நின்றது. அவள் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

“அது வந்து சாமி, அம்மாவுக்கு ஒரு ஊசி போட்டாங்க. அந்த ஊசில...” சென்னியப்பன் தொடங்கினான். போனில் அவள் சொன்னது அவனுக்கே பாதிதான் புரிந்திருந்தது.

தாரணியின் உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. ஓர் அடி முன்னால் வைத்தாள்.

“அம்மா வீட்டுக்குத் தூரம், கண்ணு.”

அந்தச் சொல் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

பிள்ளையின் முகம் தெளிந்தது. வைத்த அடியைப் பின்னால் எடுத்தது.

“மூணு நாளா?”

அவள் தலையாட்டினாள்.

சென்னியப்பன் நிமிர்ந்தான். ராத்திரி வரைக்கும்தானே என்று கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான்.

தாரணி போர்வையை இழுத்து வந்தாள். அம்மாவுக்கும் தனக்கும் நடுவே தரையில் விரித்தாள். ஒரு மூலை மடங்கியிருந்தது. குனிந்து சரி செய்தாள்.

தண்ணீர் பாட்டிலை இரண்டு கைகளாலும் தூக்கி டம்ளரில் ஊற்றினாள். கொஞ்சம் சிந்தியது. டம்ளரைப் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

பின்னால் நகர்ந்து நின்று, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள்.

பிறகு அப்பாவின் விரலைப் பிடித்து எழுப்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.