சிவப்புக் கோடு

சுரபுன்னைக் காடு எவ்வளவு கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று கணக்கிட, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் ஆண்டுதோறும் அதே உயரத்தில் அளக்க வேண்டும். அளவுக்கம்பை ஊன்றினால் சேற்றில் இறங்கி அளவு தப்பிவிடும் என்பது விரிவுரையாளர் நிறைமதியின் கட்சி. அதனால் தன் தோள் உயரத்திலேயே மரங்களில் சிவப்புக் கோடு போட்டுவைத்திருந்தாள்.

இன்று இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் நின்று, நாடாவின் முனையை மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். படகோட்டி சவேரியான் வாங்கிக்கொண்டார். போன வருடக் கோடு அவள் மோவாய்க்கு நேராக இருந்தது.

"ஒரே வருசத்துல நல்லா வளந்திருக்குண்ணே," என்றாள்.

"எவ்ளோம்மா வருது?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

நாடாவைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது கோடு உதட்டுக்கு நேராக இருந்தது. தண்ணீரும் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. ஓதம் ஏறுகிறது போல என்று நினைத்தாள். வருடா வருடம் வகுப்பில் தானே சொல்லிக்கொடுப்பது அப்போதுதான் உறைத்தது. மரம் நுனியில்தான் உயரும். அடிமரத்தில் போட்ட கோடு ஒருநாளும் மேலே ஏறாது.

காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க?"

"இங்கதாம்மா. நம்பரச் சொல்லுங்க."

சவேரியான் அவளைவிட ஒரு தலை உயரம். ஆனால் குரல் தண்ணீரை ஒட்டி வந்தது. அவள் கையிலிருந்த நாடா இறுகி, பட்டையை உரசிக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது.